மழை வராது என்று சொன்னவருக்கு வந்த நோட்டீஸ்

குடைக்காரர் பத்தொன்பது வருடமாக ஒரே பந்தயத்தைத்தான் கட்டிவந்தார். காலை ஒன்பது மணிக்குக் கடையின் ஷட்டரைத் தூக்குவார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்வார், வானத்தை அண்ணாந்துகூடப் பார்க்காமல் "இன்னைக்கு மழை வராது" என்பார். பக்கத்துக் கடையில் இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றிக்கொண்டிருக்கும் சலவைக்காரர், "வரும்" என்பார். மத்தியானம் ஒரு மணிக்குள் மழை வந்துவிட்டால் குடைக்காரர் தோற்றார். வராவிட்டால் சலவைக்காரர் தோற்றார். தோற்றவர் எதிர்ச் சாப்பாட்டுக்கடையில் இரண்டு பேருக்கும் சாப்பாடு வாங்க வேண்டும். சோறு, பருப்பு, ஒரு காய், ஆளுக்கொரு அவித்த முட்டை. பந்தயம் இவ்வளவுதான்.

கொஞ்சம் யோசித்தால் இதில் ஒரு கோணல் தெரியும். குடை ரிப்பேர் செய்கிறவர் மழை வராது என்று கட்டுகிறார். மொட்டைமாடியில் ஊர்த் துணியைக் காயப்போடுகிறவர் மழை வரும் என்று கட்டுகிறார். இரண்டு பேரும் தங்கள் பிழைப்புக்கு எதிராகவே வாயைத் திறக்கிறார்கள். ஆனால் மழை வந்தால் குடைக்காரர் கடை வாசலில் கம்பி முறிந்த குடைகளோடு ஆட்கள் நிற்பார்கள். கையில் காசு புரளும். அன்றைக்குத் தோற்றவரும் அவராகவே இருப்பார். வெயிலடித்தால் துணி காயும், மடிப்புக் கலையாமல் வீடுகளுக்குப் போகும், சலவைக்காரர் கையில் காசு வரும். அன்றைக்கு அவர் தோற்றிருப்பார். எவரிடம் காசு இருக்கிறதோ அவர் தோற்பார். எவர் வயிறு காய்கிறதோ அவர் ஜெயிப்பார். இதைக் கண்டுபிடிக்க அவர்கள் எந்தக் கல்லூரிக்கும் போகவில்லை.

இந்த இடத்தில் ஓர் உறவைச் சொல்லியாக வேண்டும். சலவைக்காரர் வேறு யாருமில்லை, குடைக்காரருடைய மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன். வருடத்தில் ஏழு மாதம் மழை கிடையாது. அந்த ஏழு மாதமும் மச்சான் போட்ட சோற்றைத் தின்று காலந்தள்ளினான் என்று தெருவில் ஒரு வாயிலிருந்து வந்துவிட்டால், குடைக்காரர் அதற்கப்புறம் வீட்டுக்குள் எப்படி நுழைவார்? மனைவியோ காலை ஏழு மணிக்குத் தையல் ஃபாக்டரிக்குப் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்புவாள். அதுவரை வீட்டில் அடுப்பு கிடையாது. ஆக, மத்தியானச் சாப்பாடு என்பது அவருக்கு அந்தப் பந்தயம்தான். பந்தயத்தில் ஜெயித்துச் சாப்பிடுவதை யாரும் ஓசிச் சோறு என்று சொல்ல முடியாதல்லவா? ஒரே வருடத்தில் இருநூறு நாள் ஜெயித்தாலும் ஜெயிப்பு ஜெயிப்புதான். சலவைக்காரருக்கும் இது தெரியும். தெரியும் என்பதைப் பத்தொன்பது வருடத்தில் ஒருநாள்கூட அவர் காட்டிக்கொண்டதில்லை. தோற்கும்போதெல்லாம் முகத்தைச் சுளித்து, "இந்த வானத்த நம்பினா இதான் கதி மாப்ளே" என்று அலுத்துக்கொள்வார்.

இந்த ஏற்பாடு கெட்டது ஒரு குடையால்தான்.

ஒருநாள் காலையில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் காற்றில் திரும்பிப்போன குடையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். அவர் பந்தய ஒழுங்குமுறை மற்றும் வளர்ச்சி வாரியத்தின் கள ஆய்வாளர் என்பது குடைக்காரருக்குத் தெரியாது. மணி ஒன்பதானது. வழக்கம்போல இவர் வராது என்றார், சலவைக்காரர் வரும் என்றார். ஆய்வாளர் மிகவும் பிரியமாக, எத்தனை நாளாக இப்படி என்று விசாரித்தார். நம் ஆள் கம்பியை முறுக்கிக்கொண்டே, "பத்தொம்பது வருஷமாங்க, ஒருநாள் விட்டதில்ல" என்று பெருமையாகச் சொன்னார். ஆய்வாளர் அதைக் குறித்துக்கொண்டார். குடைக்குக் கேட்ட கூலியைக் கொடுத்து, நன்றியும் சொல்லிவிட்டுப் போனார்.

பத்தாம் நாள் நோட்டீஸ் வந்தது. அனுமதியின்றிப் பந்தய நிலையம் நடத்தியது, பத்தொன்பது வருடம் வரி கட்டாதது, வானத்தைப் போட்டிக் களமாகப் பயன்படுத்த முன் அனுமதி பெறாதது என்று மூன்று குற்றங்கள். சலவைக்காரர் இரண்டு தடவை படித்துவிட்டு, "மூணாவதுக்கு யார்கிட்ட மாப்ளே அனுமதி வாங்கணும்?" என்று கேட்டார்.

வாரியம் ஏழு மாடிக் கட்டடத்தில் இருந்தது. வாசலில் பித்தளை எழுத்தில், 'பந்தயத்தைக் குறைப்போம், பந்தய வருவாயைப் பெருக்குவோம்' என்று பொறித்திருந்தார்கள். குறைக்கிற பிரிவு முதல் மாடியில் ஓர் அறை. பெருக்குகிற பிரிவு மீதி ஆறு மாடி.

முதலில் அவருடைய பந்தயம் திறமையா அதிர்ஷ்டமா என்று தீர்மானிக்க வேண்டியிருந்தது. திறமை என்றால் வரி குறைவு. திறமைப் பிரிவு அதிகாரி, பத்து நாள் காலையில் நேரில் வந்து மழை வருமா வராதா என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கச் சொன்னார். கடையைச் சாத்திவிட்டு மூன்றாம் மாடி ஏறி, பத்து நாளும் 'வராது' என்று எழுதிக் கொடுத்தார் குடைக்காரர். கோடைக்காலம். பத்தும் சரியாக இருந்தது. அதிகாரி எழுந்து நின்று கைகொடுத்தார். அவருடைய சர்வீஸில் இப்படியொரு திறமையை அவர் பார்த்ததே இல்லையாம்.

ஆனால் வானிலைத் துறையிலிருந்து ஆட்சேபக் கடிதம் வந்தது. மழையைப் பற்றிய திறமை சட்டப்படி அத்துறைக்கு மட்டுமே உரியது என்றும், தெருவில் குடை தைக்கிறவருக்கு அதில் பங்கு கிடையாது என்றும் கண்டிப்பாக எழுதியிருந்தார்கள். அதே பத்து நாளில் அவர்கள் சொன்னது எத்தனை பலித்தது என்று எடுத்துப் பார்த்தார்கள். நான்கு. அரசாங்கத்தின் நிபுணர்களைவிட ஒரு குடைக்காரரை உயர்வாக வகைப்படுத்த விதியில் இடமில்லாததால் அவரை அதிர்ஷ்டப் பிரிவுக்கு மாற்றினார்கள். பத்துக்கு நாலு என்பதும் அதிர்ஷ்டமே என்பதால் வானிலைத் துறைக்கும் ஒரு வரி நோட்டீஸ் போனது.

அடுத்து நேர்மைப் பிரிவு. அங்கே இருந்த அதிகாரி ஒல்லியான மனிதர், எல்லோரையும் கண்ணாடிக்கு மேலாகவே பார்ப்பவர். போட்டியில் தோற்பதற்கு ஆசைப்படுகிற ஆட்களைப் பிடிப்பது அவர் வேலை.

"மழை வந்தா நீங்க தோக்கறீங்க. சரி. மழை வந்தா உங்களுக்குச் சந்தோஷமா, வருத்தமா?"

"சந்தோஷங்க. வேலை வருமே."

"வரலேன்னா?"

"அதுவும் சந்தோஷங்க. சாப்பாடு வரும்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப நீங்க எப்பதான்யா நஷ்டப்படறீங்க?"

குடைக்காரர் நெஞ்சைத் தொட்டு யோசித்தார். "இங்க வர ஆரம்பிச்சதிலேருந்துங்க" என்றார்.

இந்தப் பதில் கோப்பில் ஏறியது. இரு தரப்பும் நஷ்டமடையாத பந்தயம் பொதுமக்களைத் தவறான வழிக்குத் தூண்டக்கூடியது என்றும், அதை வாரியம் தன் நேரடிப் பார்வையில் நடத்தினால்தான் இயல்பான நஷ்டம் ஏற்படும் என்றும் முடிவானது. லைசென்ஸ் கொடுத்துவிட்டார்கள். சலவைக்காரருடைய பெயரும் அதில் ஏறியது; எதிர்த்தரப்பு என்று.

வரி விவரம் சுலபம். பந்தயப் பொருளின் மேல் நாற்பது சதவீதம், ஜெயித்தவர் பெறுவதன் மேல் முப்பது, பந்தய அடிமைகள் மறுவாழ்வுக்காக ஐந்து. பந்தயம் காசில் இல்லாமல் சோற்றில் இருந்ததால் வரியையும் சோற்றிலேயே பிடிக்க வேண்டும் என்று சட்டப் பிரிவு கருத்துச் சொன்னது.

மறுநாளே பன்னிரண்டே முக்காலுக்கு நிறுவை அலுவலர் வந்தார். கூடவே ஒரு தராசு, அடுக்கு அடுக்காக ஒரு சாப்பாட்டுக் கேரியர், ஒரு முத்திரை அரக்கு. ஜெயித்தவருடைய இலை முன் உட்கார்ந்து நூறு பங்கில் எழுபத்தைந்து பங்கை நிறுத்து எடுத்தார். முட்டையை நூலால் அறுத்தார். நல்ல கைத்தேர்ச்சி, துணுக்குக்கூடச் சிந்தவில்லை. ஆனாலும் முதல் வாரக் கணக்கில் வெள்ளைக்கரு கூடுதலாகவும் மஞ்சள்கரு குறைவாகவும் அரசாங்கத்துக்குச் சேர்ந்துவிட்டதாகத் தணிக்கையில் ஆட்சேபம் வந்தது. அதன்பிறகு மஞ்சள்கருவுக்குத் தனி நூல் கொண்டுவந்தார்.

கால் பங்குச் சோற்றைத் தின்றுவிட்டுக் குடைக்காரர் தண்ணீர் நிறையக் குடித்தார். அந்தக் கால் பங்குக்கும் ஆபத்து வந்தது. மழை வந்ததா இல்லையா என்பதை இரண்டு பேரும் தாங்களாகவே வானத்தைப் பார்த்து முடிவு செய்வது முறைகேடு என்று வாரியம் கண்டுபிடித்தது. மழைச் சான்று அலுவலர் ஒருவரை நியமித்தார்கள். அவர் ஓர் அளவுக் குழாயுடன் நடைபாதையில் உட்கார்ந்தார். குழாயில் சேர்வதை ஆய்வகத்துக்கு அனுப்பி, அது மழைதான், மாடியிலிருந்து சலவைக்காரர் பிழிந்த தண்ணீரல்ல என்று சான்று வர நாற்பத்தைந்து நாள் ஆகும். ஒன்றும் சேராத நாளில் காலிக் குழாய்க்கும் அதே நாற்பத்தைந்து நாள். ஒருநாள் பட்டப்பகலில் கோடைமழை கொட்டு கொட்டென்று கொட்டியது. குடைக்காரர் கை நிறைய வேலையோடு, "மழைதானேங்க, நான் தோத்துட்டேன், சாப்பாடு வாங்கிடறேன்" என்றார். அலுவலர் தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட நின்றுகொண்டு, "மழையான்னு இப்ப நான் சொல்லக்கூடாதுங்க" என்று பணிவாக மறுத்தார்.

முடிவு வரும்வரை பந்தயப் பொருள் வாரியத்தின் பாதுகாப்பில் இருக்க வேண்டும். வரிப் பங்கை மட்டும் அன்றன்றைக்குச் சூடாக எடுத்துப் போவார்கள், அது அரசாங்கத்தின் உரிமை. மீதிக் கால் பங்கைப் பொட்டலம் கட்டி, அரக்கு வைத்து, நம்பர் போட்டு இரும்புப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டுவார்கள். நாற்பத்தைந்தாம் நாள் முதல் பொட்டலம் வந்தது. ஜெயித்தவர் என்ற முறையில் குடைக்காரர் நான்கு இடத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டது என்ன என்று அவராலும் சொல்ல முடியவில்லை, பார்த்த யாராலும் சொல்ல முடியவில்லை. தெருவில் இருந்த ஒரு நாய் அதைப் பார்த்துவிட்டு வேறு தெருவுக்குக் குடிபோயிற்று.

சலவைக்காரருக்கு மனசு கேட்கவில்லை. ஒருநாள் இரண்டு சாப்பாடு தனியாக வாங்கிவந்து இஸ்திரி மேஜைமேல் வைத்து, பழைய துணியால் மூடி, அவரைக் கூப்பிட்டார். பந்தயம் அது பாட்டுக்கு நடக்கட்டும், நாம் சாப்பிடுவோம் என்றார்.

குடைக்காரர் மேஜையைப் பார்த்தார். முட்டை முழுசாக இருந்தது. முழு முட்டையைப் பார்த்தே இரண்டு மாதம் ஆகியிருந்தது.

"முடிவு வரட்டும் மச்சான். நான்தான் இன்னும் ஜெயிக்கலையே" என்று சொல்லிவிட்டுக் கடைக்குத் திரும்பி, ஏற்கெனவே தைத்து முடித்த குடையைப் பிரித்து மறுபடியும் தைத்தார்.

அன்று சாயங்காலம் மனைவி அவர் சட்டையைப் பார்த்துவிட்டு, காலர் ஏன் இவ்வளவு தொங்குகிறது, அண்ணன் துவைப்பதில் துணி விரிகிறதா என்று கேட்டாள். ஆமாம் என்றார். அண்ணன்மேல் பழி போட்டது மனதை உறுத்தியதால் ராத்திரிச் சாப்பாட்டிலும் ஒரு பிடி குறைத்துக்கொண்டார்.

இதற்குள் அந்தத் தெரு அடையாளம் தெரியாமல் மாறியிருந்தது. நிறுவை அலுவலர், சான்று அலுவலர், அரக்குக் குமாஸ்தா, பெட்டகக் காவலர், மேகம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று எழுதுகிறவர், இரண்டு பேரும் இருபத்தொரு வயதைத் தாண்டியவர்கள்தானா என்று தினமும் அடையாள அட்டையை வாங்கிப் பார்க்கிறவர் என்று மொத்தம் முப்பத்தேழு பேர் வேலைக்கு வந்தார்கள். நேற்றுத் தாண்டியிருந்தவர் இன்றும் தாண்டித்தானே இருப்பார் என்று சலவைக்காரர் கேட்டதற்கு, அதற்கு ஆதாரம் வேண்டாமா என்று பதில் வந்தது. பந்தயம் பழக்கமாகிவிடும், எச்சரிக்கை என்று ஒரு பலகை வைத்தார்கள். சட்டப்படி அது கடையின் முகப்பைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்பதால், குடை ரிப்பேருக்கு வந்தவர்கள் கடை எங்கே என்று பலகையின் பின்னால் வந்து தேடினார்கள்.

முப்பத்தேழு பேரும் எதிர்க்கடையில் சாப்பிட்டதால் சாப்பாட்டு விலை இரண்டு மடங்கானது. கடை முதலாளி மாடி எடுத்துக் கட்டினார். தெருவுக்கு அரசாங்க அந்தஸ்து வந்துவிட்டதென்று கட்டடச் சொந்தக்காரர் வாடகையை ஏற்றினார். முப்பத்தேழு பேருக்கும் வாரியமே குடை கொடுத்திருந்தது. அவை பழுதானால் டெண்டர் விட்டு வேறு ஊரில் சரிசெய்து வாங்கினார்கள்.

மறுவாழ்வு ஆலோசகர் ஒருவரும் வந்திருந்தார். தங்கமான மனிதர். ஐந்து சதவீதத்தில் அவருக்குச் சம்பளம். தினமும் பத்து மணிக்குக் குடைக்காரரை உட்காரவைத்து, பந்தயம் எப்படி ஒரு மனிதனை மெலியவைத்துக் குடும்பத்திலிருந்து பிரித்துவிடும் என்று படம் காட்டி விளக்குவார். படத்தில் இருந்தவர் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைக்காரரைப் போலவே ஆகிவந்தார்.

வருட முடிவில் வாரியத் தலைவரே தெருவுக்கு வந்தார். பந்தல் போட்டார்கள். குடைக்காரரையும் சலவைக்காரரையும் முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். தலைவர் மாலையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுப் பேசினார்.

"சூதாட்டம் ஒரு நோய். இதில் எங்களுக்கு இரண்டாவது கருத்து இல்லை. அந்த நோயை ஆண்டுக்கு இருபது சதவீதம் வளர்த்து, அதில் கிடைக்கும் வருவாயைக்கொண்டு அந்த நோய்க்கே மருந்து வாங்குவது என்பது எங்கள் கொள்கை. மருந்து வாங்க வேண்டிய அளவுக்கு நோய் இன்னும் வளரவில்லை என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன். இதோ, இங்கே இரண்டு பெரியவர்கள் அமர்ந்திருக்கிறார்கள். இவர்கள் முறைப்படுத்தப்படாத காலத்தில் நாளொன்றுக்கு இரண்டு சாப்பாடு சாப்பிட்டார்கள். அதனால் நாட்டுக்கு என்ன பயன்? இன்று இவர்கள் சாப்பிடாமல் விடுகிற அந்த இரண்டு சாப்பாட்டால் முப்பத்தேழு குடும்பங்கள் மூன்று வேளை சாப்பிடுகின்றன. பொருளாதார நிபுணர்கள் இதைப் பெருக்கு விளைவு என்கிறார்கள். இவர்களைப் போல இன்னும் ஆயிரம் பேர் முன்வந்தால் இந்த நாட்டில் சாப்பிடாதவர்களே இருக்க மாட்டார்கள், இவர்களைத் தவிர."

கைதட்டல் நின்றதும், இனி வரப்போகும் பத்து வருட மழைப் பந்தய வரியை அடமானம் வைத்து, பந்தய ஒழிப்பு விழிப்புணர்வு மாளிகை ஒன்று கட்டத் தொடங்கிவிட்டதாகவும் அறிவித்தார். குடைக்காரருக்கு ஒரு சால்வை போர்த்தினார். போர்த்தியதற்கு முப்பது சதவீதம் பிடித்தம் செய்யவேண்டி, நிறுவை அலுவலர் கத்தரிக்கோலோடு பந்தலுக்குப் பின்னால் காத்திருந்தார்.

அன்று வீட்டுக்கு நடந்துபோகும்போது குடைக்காரருக்குக் கால் பின்னியது. சலவைக்காரர் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு தெரு நடந்தார்கள். பிறகு சலவைக்காரர் சொன்னார்: "விட்டுடலாம் மாப்ளே. போதும்."

"விட்டா மத்தியானம்?"

"தெரியல. ஆனா இப்ப மட்டும் என்ன வாழுது?"

மறுநாள் மணி ஒன்பது. முப்பத்தேழு பேரும் தங்கள் தங்கள் இடத்தில் தயாராக நின்றார்கள். குடைக்காரர் ஷட்டரைத் தூக்கினார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார், ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்தார்.

அரக்கு உருகித் தட்டில் சொட்டியது. ஒன்பதரைக்குச் சான்று அலுவலர் இருமிப் பார்த்தார். பத்து மணிக்கு ஆலோசகர் படங்களைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். வழக்கமான பாடத்தை எடுக்கவில்லை. ஸ்டூலைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஏன்யா, ஒரு நாள் ஒரு சின்னப் பந்தயம் போட்டா கெட்டா போயிடுவீங்க? வராதுன்னு ஒரு வார்த்தை. வாய்க்கு வந்ததச் சொல்லுங்க, யாரு கேக்கப்போறா?"

"நீங்கதானேங்க விடச் சொன்னீங்க."

"சொன்னேன். அதுக்குன்னு உடனே விட்டுடறதா? எனக்கு ரெண்டு பொண்ணுங்கய்யா."

குடைக்காரருக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள், பந்தயம் கட்டத் தவறியமைக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. லைசென்ஸைத் திருப்பிக் கொடுப்பதென்றால் பத்து வருட உத்தேச வரியைக் கட்டிவிட்டுக் கொடுக்கலாம் என்று கடைசி வரியில் சலுகை தந்திருந்தார்கள். சலவைக்காரர் அந்த நோட்டீஸை இஸ்திரி போட்டு மடித்து வைத்தார்.

அவர் மறுபடியும் இரண்டு சாப்பாடு வாங்கிவந்து வைத்தார். குடைக்காரர் மறுபடியும் வேண்டாம் என்றார். ஜெயிக்க முடியாத காலம் போய், பந்தயமே இல்லாத காலம் வந்துவிட்டது. இப்போது உட்கார்ந்தால் மச்சான் சோறு என்பதற்குச் சந்தேகமே வேண்டியதில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டார். சலவைக்காரரும் அன்று சாப்பிடவில்லை. தனக்கும் சரியில்லையாம். சாப்பாட்டை அரக்குக் குமாஸ்தா சாப்பிட்டார்.

முப்பத்தேழு பேர் சம்பளம் வாங்கிக்கொண்டு ஒரு தெருவில் சும்மா நிற்பது லேசான காரியமல்ல. நான்காம் நாள் காலையில், அலுப்புத் தாங்காமல், அரக்குக் குமாஸ்தா நிறுவை அலுவலரிடம், "இன்னிக்கு அந்தாளு வாயத் திறப்பாரு பாருங்க" என்றார். "திறக்க மாட்டாரு" என்றார் அவர். என்ன பந்தயம் என்று கேட்டார் பெட்டகக் காவலர். ஒரு சாப்பாடு என்று முடிவானது. மறுநாள் அது எட்டுச் சாப்பாடாயிற்று. அந்த வாரக் கடைசியில் முப்பத்தேழு பேரும் தங்கள் அரைச் சம்பளத்தைப் பந்தயத்தில் வைத்திருந்தார்கள். வாய் திறப்பாரா மாட்டாரா என்பதோடு நிற்கவில்லை. முதலில் தும்முவது குடைக்காரரா சலவைக்காரரா, இன்றைக்கும் வயிறு சரியில்லை என்பாரா, தலைவலி என்பாரா என்று பந்தயம் கிளை விட்டுக்கொண்டே போயிற்று. ஆலோசகர்தான் எல்லாவற்றுக்கும் கணக்கு எழுதினார், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால்.

விஷயம் மேலே போனது. வாரிய ஊழியர்களே பந்தயம் கட்டுகிறார்களா என்று தலைவர் அரை மணி நேரம் அதிர்ச்சியடைந்தார். பிறகு தொகையைப் பார்த்தார். ஒரு வாரத்தில் புரண்ட தொகைக்கு வரி போட்டால், சோற்றிலும் முட்டையிலும் ஒரு வருடம் பிடித்ததைவிட நாற்பது மடங்கு வந்தது. சாயங்காலத்துக்குள் முறைப்படுத்திவிட்டார்கள். ஊழியர்கள் சம்பளத்தை வைத்துப் பந்தயம் கட்டுவார்கள். அதற்கு வாரியம் வரி பிடிக்கும். அந்த வரியிலிருந்து அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கும். வெளியாள் ஒருவரையும் தொந்தரவு செய்யாமல் தன் காலிலேயே நிற்கிற முதல் அரசு நிறுவனம் இதுதான் என்று பொருளாதார நிபுணர் அறிக்கை கொடுத்தார். சம்பளம் மாதாமாதம் குறைந்துகொண்டே போவது ஏன் என்று ஆராய அவருக்கே இன்னொரு ஆய்வும் கொடுக்கப்பட்டது.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. இது எதன்மேல் கட்டப்படும் பந்தயம் என்று படிவத்தில் எழுத வேண்டும். சட்டத்தில் நான்கே வகைதான் உண்டு: சீட்டு, பகடை, வானிலை, பந்தய விலங்கு. இரண்டு மனிதர்கள் சும்மா உட்கார்ந்திருப்பது முதல் மூன்றில் எதிலும் சேரவில்லை. சட்டப் பிரிவு இரண்டு நாள் யோசித்து நாலாவதில் சேர்த்தது.

அடுத்த திங்கட்கிழமை மத்தியானம் பன்னிரண்டரைக்குக் கடை முன் ஒரு வண்டி வந்து நின்றது. கால்நடை மருத்துவர் இறங்கினார். குடைக்காரரையும் சலவைக்காரரையும் வாயைத் திறக்கச் சொல்லிப் பற்களை எண்ணினார், முட்டியைத் தட்டிப் பார்த்தார், இளைத்துக் கிடக்கிறதே என்று உச்சுக்கொட்டினார். பிறகு விதி நூற்றுப் பதினான்கை உரக்கப் படித்தார். பந்தயத்துக்குரிய விலங்குகளை எக்காரணம் கொண்டும் பட்டினி போடக் கூடாது. அவற்றின் தீனி வாரியத்தின் பொறுப்பு. தீனிக்கு வரி கிடையாது, நிறுவை கிடையாது, முத்திரை கிடையாது. தனியாகக் கட்டினால் ஏங்கிப்போகும் என்பதால் ஒரே கொட்டிலில் பழகிய ஜோடியைப் பிரித்து வைத்துத் தீனி போடக் கூடாது.

இரண்டு தட்டுகள் வந்தன. இஸ்திரி மேஜைமேல் வைத்தார்கள். சோறு, பருப்பு, இரண்டு காய், ஆளுக்கு இரண்டு முட்டை. எல்லாம் ஆவி பறக்க இருந்தது. நிறுவை அலுவலர் பழக்க தோஷத்தில் நூலை எடுத்துக்கொண்டு எழுந்தார். மருத்துவர் ஒரு முறை முறைத்தார். உட்கார்ந்துவிட்டார்.

குடைக்காரர் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். மச்சான் வாங்கிக் கொடுத்ததில்லை, அது நிச்சயம். யாரிடமும் கேட்டு வாங்கியதுமில்லை. ஆனாலும் கை போகவில்லை.

"நம்மள என்னன்னு எழுதியிருக்காங்க மச்சான்?"

சலவைக்காரர் மருத்துவர் வைத்துவிட்டுப் போன தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "குதிரைன்னு."

"ரெண்டு பேரையுமா?"

"ரெண்டு பேரையும்தான். உங்களுக்கு நாலு வயசு, எனக்கு அஞ்சு."

வெளியே முப்பத்தேழு பேரும் எட்டிப் பார்த்தார்கள். ஆலோசகர் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். சலவைக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டு, தோளை அமுக்கிக் குடைக்காரரை உட்காரவைத்தார். முட்டைகள் இரண்டையும் அவர் தட்டின் ஓரத்திலிருந்து நடுவுக்கு நகர்த்தினார். பசி தாங்காமல் குடைக்காரர் முதல் பிடியையும் இரண்டாவதையும் அள்ளி விழுங்கி, மூன்றாவதை அள்ளப்போகும்போது சலவைக்காரர் மெதுவாக அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"பறக்காதீங்க மாப்ளே, நிதானமாச் சாப்பிடுங்க. இதுவரைக்கும் ஓடச் சொல்லல. வேகத்தப் பாத்துட்டாங்கன்னா அதுக்கும் ஒரு பந்தயம் கட்டிடுவாங்க."